காசல்ரியில் மூன்று நாள்

பல வருடங்களாக றோலண்ட் மற்றவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாலைத்தீவில் ஒரு வெள்ளைப் படகு. வாரத்துக்கு ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வந்து ஏறும். தீவு தீவாகச் சுற்றி, கடலில் நீந்தி, மீன் சுட்டுத் தின்று, வாரக் கடைசியில் அவனோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போகும். மறுநாள் இன்னொரு குடும்பம் ஏறும். பாத்திரம் கழுவப் போனவன் கயிறு பிடிக்கப் பழகி, பாய் ஏற்றப் பழகி, கடைசியில் கப்டனுக்கு அடுத்த ஆளாக ஆகியிருந்தான்.

அவனுடைய சொந்தக் குடும்பம் இலங்கை மலைநாட்டில், காசல்ரி நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தது. மனைவி ஜெனிதா பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மகள் ஷாமிலாவுக்குப் பதினைந்து வயது, மகன் ஜெரோஷனுக்கு எட்டு. வருடத்துக்கு ஒரு தடவை றோலண்ட் ஒரு மாத லீவில் வருவான். முதல் வாரம் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். இரண்டாம் வாரம் ஒட்டிக்கொள்வார்கள். அவர்கள் நன்றாக ஒட்டிக்கொண்ட சமயத்தில் அவன் பெட்டி கட்டுவான்.

சின்ன வயதில் ஷாமிலா அவன் அனுப்பும் படங்களை ஆசையாகப் பார்த்தாள். தண்ணீருக்குள் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையைத் தாங்கிப் பிடித்தபடி அப்பா சிரிக்கிற படம், இரண்டு பையன்கள் அப்பாவின் தோளில் ஏறி நிற்கிற படம். எப்போது பார்ப்பதை நிறுத்தினாள் என்று ஜெனிதாவுக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில், அப்பா போனில் வந்தால் அவளுக்குப் படிக்க வேண்டியிருந்தது, அல்லது குளிக்க வேண்டியிருந்தது. றோலண்டும் வற்புறுத்தவில்லை. அவள் முகத்தைத் திரையில் பார்க்கிறபோதெல்லாம் ஒரு வயது கூடியிருப்பதுபோல் தெரிகிறது என்று மட்டும் ஜெனிதாவிடம் ஒருமுறை சொன்னான்.

மே மாத மழையில் ஒருநாள் அவன் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இறங்கினான். வேலை முடிந்துவிட்டது என்றான். நங்கூரச் சங்கிலி கையிலிருந்து நழுவியதாம், ஒரு தடவை அல்ல, பல தடவை. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு இருவரும் பல தடவை பஸ் ஏறிப் போனார்கள். ஊசி குத்திப் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், கொழும்புக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு டாக்டர் இருவரையும் உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார். நரம்புகளில் வருகிற நோய். கை, பிறகு கால், பிறகு பேச்சு, பிறகு மூச்சு. அறிவு மட்டும் கடைசி வரைக்கும் தெளிவாக இருக்கும். எவ்வளவு நாள் என்று ஜெனிதா கேட்டாள். ஆளுக்கு ஆள் மாறும், இரண்டு வருடம் இருக்கலாம் என்றார் அவர்.

திரும்பி வருகிற ரயில் வட்டவளை ஸ்டேஷனைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் றோலண்ட் வாயைத் திறந்தான். பிள்ளைகளுக்கு இப்போது சொல்ல வேண்டாம். டிசம்பர் லீவு வரட்டும். லீவில் அவர்களைப் படகில் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்குப் பிறகு சொல்லலாம்.

ஜெனிதாவுக்குக் கோபம் வந்தது. மடு மாதாவுக்கு நேர்ந்துகொள்ளலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதன் திரும்பவும் படகைப் பற்றியே பேசினான். அவன் முகத்தைப் பார்த்து அந்தக் கோபத்தைச் சொல்ல முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படகு ஒன்றும் அவன் கனவில் பார்த்ததல்ல. கீழே தண்ணீர் ஓரமாக இருந்த பழைய துரை பங்களா இப்போது ஹோட்டலாகியிருந்தது. அதன் பின்கொட்டகையில் ஒரு மரப் பாய்ப்படகு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பழுது பார்த்துத் தருகிறேன், விருந்தாளிகள் வருமுன் மூன்று நாள் என் குடும்பத்துக்கு விடுங்கள் என்று சிங்கள மேனேஜரிடம் றோலண்ட் கேட்டான். அவரும் சரி என்றார்.

மாதக்கணக்கில் அந்த வேலை நடந்தது. பக்கத்து லயத்துச் சின்னராசா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பலகை அடித்துக் கொடுத்தார். பாயைத் தைக்கிற வேலையை மட்டும் றோலண்ட் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஊசி அவன் விரலில் நிற்கவில்லை. விழுந்த ஊசியைத் தேடி எடுத்துக் கொடுத்து, எடுத்துக் கொடுத்து, ஒருநாள் ஜெனிதாவே வாங்கித் தைக்க ஆரம்பித்தாள். அம்மா ஏன் தைக்கிறாங்க என்று ஜெரோஷன் கேட்டான். அப்பாவுக்குக் கண் மங்கிருச்சு என்று ஒரு பொய் சொன்னாள். ஷாமிலா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள்.

டிசம்பரில், பனி விலகிய ஒரு காலையில் நால்வரும் படகில் ஏறினார்கள். அக்கரையில் டர்பன்டைன் மரங்கள் நிற்கிற மேட்டில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்குவதாக ஏற்பாடு. அரிசி, கருவாடு, ரொட்டிக்கு மாவு, போர்வைகள் எல்லாம் முன்பக்கத்தில் கட்டியிருந்தது. மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, வரும்போது மீன் கொண்டாங்க அக்கா என்று கூவினாள். ஜெனிதா கையை அசைத்தாள். அந்தத் தண்ணீரைத் தினமும் பார்த்து வளர்ந்தவள்தான், ஆனால் அதன்மேல் ஒருநாளும் போனதில்லை. வீட்டில் றோலண்டைத் தவிர யாருக்கும் நீந்தத் தெரியாது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா என்று அவன் ஒவ்வொருவராக இழுத்துப் பார்த்தான். பிறகுதான் கயிற்றை அவிழ்த்தான்.

முதல் பாடம் காற்று. கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கக் காதில் காற்றுப் படுகிறது என்று சொல்லச் சொன்னான். ஜெரோஷன் இரண்டு காதிலும் என்றான். அடுத்தது சுக்கான். சுக்கான் பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும் என்றான். ஜெனிதா அதைப் பிடித்ததும் படகு ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே திரும்பியது. அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். எத்தனை மாதங்களுக்குப் பிறகு என்று தெரியவில்லை.

அவன் சொல்லிக் கொடுக்கிற விதம்தான் அவளை என்னவோ செய்தது. குரலை உயர்த்தவில்லை. தப்புச் செய்தால் கொஞ்சம் பொறுத்து, இப்ப என்ன நடந்துச்சுன்னு பாத்தியா என்று கேட்டான். சரியாகச் செய்தால் தலையை மட்டும் ஆட்டினான். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. லீவில் வருகிற றோலண்ட் எப்போதும் அவசரத்தில் இருப்பான். கூரை ஒழுகுகிறது, கடனடைக்க வேண்டும், சொந்தக்காரர் வீடுகளுக்குப் போக வேண்டும். இந்தப் பொறுமையான ஆள் எங்கோ தண்ணீர்மேல் இருந்திருக்கிறான், முன்பின் தெரியாதவர்கள் வாரத்துக்கொரு தடவை வந்து அவனை அனுபவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீர் தெறித்ததுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஷாமிலா எதையும் தொடவில்லை. படகின் நுனியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுக்கான் பிடிக்கிறாயா என்று றோலண்ட் இரண்டு தடவை கேட்டான். வேண்டாம் என்றாள்.

அன்று சாயங்காலம், கரையில் அடுப்பு மூட்டியிருந்தபோது, அவள் தானாகப் பேசினாள்.

"நான் டெங்கு வந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நீங்க படகுலதான் இருந்தீங்களா?"

"ஆமா," என்றான் றோலண்ட்.

"யாருக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தீங்க?"

ஜெனிதா குறுக்கே பேசப் பார்த்தாள். றோலண்ட் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஒரு புள்ளைக்கு. உன்னைவிடச் சின்னவ. அவளுக்குத் தண்ணின்னா பயம். வாரம் முடியிறதுக்குள்ள நீந்த வச்சிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "உங்கம்மா போன் பண்ணுனது ராத்திரிதான் தெரியும். வர்றதுக்குக் கப்டன்கிட்ட லீவு கேட்டேன். விடல. கேட்டது ஒரு தடவைதான். இன்னொரு தடவை கேட்டிருக்கணும்."

 அவன் தனக்காக ஒரு சாக்கும் சொல்லாதது ஷாமிலாவுக்கு எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலையில், ஆள் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று றோலண்ட் சொல்லிக் கொடுத்தான். காலி எண்ணெய்க் கேன் ஒன்றைத் தண்ணீரில் எறிந்தான். இதுதான் ஆள் என்றான். விழுந்ததும் முதலில் ஒருவர் கையை நீட்டிக் காட்ட வேண்டும். காட்டுகிறவர் வேறு எதையும் பார்க்கக் கூடாது, வேறு எதையும் செய்யக் கூடாது. அலையில் ஒரு தலை சட்டென்று மறைந்துபோகும், கண்ணை எடுத்தால் பிறகு கண்டுபிடிக்க முடியாது. சுக்கான் பிடிக்கிறவர் அந்தக் கையை மட்டும் பார்த்துப் படகைத் திருப்பி, காற்றுக்கு எதிராக நிறுத்த வேண்டும்.

காட்டுகிற வேலையை ஷாமிலாவுக்குக் கொடுத்தான். அவள் வேண்டாவெறுப்பாக எழுந்தாள். ஆனால் நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவள் விரல் அந்தக் கேனிலேயே நின்றது. முதல் இரண்டு தடவை ஜெனிதா கேனைத் தாண்டிப் போய்விட்டாள். மூன்றாம் தடவை சரியாகப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஜெரோஷன் எட்டிப் பிடித்துக் கேனைத் தூக்கிக் காட்டினான். றோலண்ட் தலையை ஆட்டினான். ஷாமிலாவின் உதட்டோரம் கொஞ்சம் இளகியதை ஜெனிதா பார்த்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு மலைப் பக்கமிருந்து காற்று இறங்கியது. எதிர்பார்த்ததைவிடப் பலமாக இறங்கியது. தண்ணீர் கறுத்துச் சுருங்கி அவர்களை நோக்கி ஓடி வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடத் தொடங்கியது. பாயை இறக்கிவிடுகிறேன் என்று சொல்லி றோலண்ட் எழுந்து பாய்மரத்தடிக்குப் போனான். சுக்கான் ஜெனிதாவின் கையில் இருந்தது. அவனுடைய வலது கால் வழுக்கியதா, மடிந்ததா, அவளுக்குத் தெரியவில்லை. அவன் கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினான். கை கயிற்றில் பட்டது. அப்படியே பட்டபடி திறந்திருந்தது. அவன் பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரில் விழுந்தான்.

"அந்தா," என்றாள் ஷாமிலா. அவள் கை நீண்டிருந்தது.

ஜெரோஷன் அலறினான். ஜெனிதாவின் காதில் அது விழவில்லை. அவள் மகளின் விரலை மட்டும் பார்த்தாள். சுக்கானைத் தள்ளினாள். பாய் தலைக்கு மேலே படாரென்று மறுபக்கம் அடித்தது. காலையில் மூன்று தடவை செய்ததுதான். ஆனால் காலையில் இவ்வளவு காற்று இல்லை. முதல் தடவை அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். போகும்போது அவன் முகத்தை அருகில் பார்த்தாள். அவன் சத்தம் போடவில்லை. அவசரப்படாத, இன்னொரு வாட்டி வா என்று சொன்னான், சமையலுக்கு உப்புப் போடச் சொல்கிற மாதிரி.

இரண்டாம் தடவை படகு அவன் பக்கத்தில் நின்றது. பாயை அவன் சொன்னபடி ஜெரோஷன் அவிழ்த்துவிட்டான். அது சடசடவென்று அடித்துக்கொண்டு கிடந்தது. ஷாமிலா குனிந்து கயிற்றை அவன் கைக்குள் கொடுத்தாள்.

"புடிங்கப்பா."

கயிறு நழுவியது.

"புடிங்கப்பா, இறுக்கிப் புடிங்க."

திரும்பவும் நழுவியது. இடது கையால் படகின் விளிம்பைத் தொட்டான், ஆனால் உடம்பைத் தூக்க முடியவில்லை. தண்ணீர் ஐஸாக இருந்தது. அவன் உதடு நீலமாகியிருந்தது. ஜெனிதா எழுந்தாள். அவள் குதிக்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஜெனி, எறங்காத. நீ எறங்குனா புள்ளைங்களுக்கு ஆளில்லை."

கயிற்றை அவன் கக்கத்துக்குக் கீழே சுற்றிக் கட்டச் சொன்னான். ஷாமிலா கட்டினாள். ஜாக்கெட்டின் கழுத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு படகின் விளிம்பில் குப்புறப் படுத்தாள். ஜெனிதா துடுப்புகளை எடுத்தாள். கரை தூரமில்லை, ஆனால் காற்று பின்னுக்குத் தள்ளியது. தோள் இற்றுப்போகும்வரை வலித்தாள். காலடியில் சேறு தட்டியதும் மூவரும் இறங்கி அவனை இழுத்துக் கரையில் போட்டார்கள்.

போர்வையைச் சுற்றி, நெருப்பு மூட்டி, தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார்கள். கோப்பையை ஜெனிதாதான் அவன் வாயில் வைத்தாள். நடுக்கம் மெல்ல அடங்கியது. ஷாமிலா எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கை ஏன் மூடல?" என்று கேட்டாள்.

றோலண்ட் ஜெனிதாவைப் பார்த்தான். ஜெனிதா சொல்லத் தொடங்கினாள். அப்பாவுக்கு ஒரு வருத்தம் இருக்கு, நோய் இருக்கு என்பதோடு நிறுத்திவிட்டாள். மிச்சத்தை அவன் சொன்னான். பாடம் சொல்லிக் கொடுத்த அதே குரலில், எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். கை போய்க்கொண்டிருக்கிறது, கால் தொடங்கிவிட்டது, பேச்சும் போகும். மருந்து குடித்தால் சரியாகிவிடுமா என்று ஜெரோஷன் கேட்டான். இல்லை என்றான் றோலண்ட். ஊசி போட்டால் என்று கேட்டான். அதுவும் இல்லை என்றான். பிள்ளை எழுந்து போய் அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அந்த மடிக்கு அவன் பெரிய பிள்ளைதான்.

ஷாமிலா தாயைப் பார்த்தாள்.

"நீங்களும் சொல்லல."

"இந்தப் பயணம் முடியட்டும்னு இருந்தோம்மா."

"நேத்து நான் அப்புடிக் கேட்டேனே. அப்பயாவது சொல்லியிருக்கலாமில்ல."

 ஷாமிலா திரும்பி மரங்களுக்குள் போனாள். பின்னால் போகப் பார்த்த ஜெனிதாவை றோலண்ட் தடுத்தான். மரங்களுக்கு இடையில் அவளுடைய சிவப்புச் சட்டை தெரிந்துகொண்டிருந்தது. அது நகரவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பைக்குள்ளிருந்து அவனுடைய காய்ந்த சட்டையை எடுத்தாள். ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு கையாக நுழைத்து, அவன் முன்னால் முழங்காலிட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாக மேலே வரைக்கும் போட்டுவிட்டாள். காலரையும் சரிப்படுத்தினாள்.  றோலண்ட் அசையாமல் இருந்தான். மூச்சுவிடக்கூடப் பயந்தவன்போல் இருந்தான்.

மறுநாள் காலையில் ஜெனிதா, படகு வேண்டாம், மேனேஜருக்குப் போன் பண்ணி வேன் ஒன்று கேட்கலாம் என்றாள். றோலண்ட் தலைகுனிந்து உங்க இஷ்டம் என்றான். அவள் இரவெல்லாம் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தத் திறந்த கை வந்தது. இந்த மனிதன் பிள்ளைகளின் உயிரோடு விளையாடிவிட்டான் என்று ஒரு மனம் சொன்னது. இந்த மூன்று நாள் இல்லாவிட்டால் அவன் யார் என்றே தெரியாமல் போயிருக்கும் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டுமே உண்மையாக இருந்தன.

ஷாமிலாதான் முடிவு செய்தாள். "காத்து மத்தியானம்தான் எறங்கும்னு அப்பாவே சொன்னாங்க. இப்பவே போயிரலாம். நான் சுக்கான் புடிக்கிறேன்."

அவர்கள் தண்ணீரிலேயே திரும்பினார்கள். மெல்லிய காற்று. றோலண்ட் படகின் அடியில் உட்கார்ந்து ஜெனிதாவின் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். ஷாமிலா பிடித்த பிடியில் படகு ஒருமுறை தடுமாறியது. இப்ப என்ன நடந்துச்சுன்னு பாத்தியா என்று அவன் கேட்டான். பாத்தேன்ப்பா என்றாள்.  ஜெனிதா குனிந்து பார்த்தாள். அவன் கண் மூடியிருந்தது, கன்னம் நனைந்திருந்தது. அவள் தன் கையை அவன் நெற்றியில் வைத்தாள். கரை சேரும்வரை எடுக்கவில்லை.

அடுத்த டிசம்பருக்குள் கால் இரண்டும் போய்விட்டன. அதற்கடுத்த ஈஸ்டருக்குள் பேச்சும் போனது. கண்ணால் ஆம், இல்லை சொல்வான். பாடசாலை விட்டு வந்ததும் ஷாமிலா அவன் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவாள். ஜெரோஷன் அவன் கால்களைத் தேய்த்துவிடுவான். ஜூலை மழையில், ஜெனிதா பிள்ளைக் காம்பராவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலை நேரத்தில், றோலண்ட் மூச்சை விட்டான். லயத்து ஆட்கள் எல்லாம் வந்தார்கள். ஹோட்டல் மேனேஜரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசிவரை நின்றார். சின்னராசாவும் மற்றவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்கு நடுவே வழுக்குகிற ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பி வரும்போது ஜெரோஷன் யாருடைய தோளிலோ தூங்கிவிட்டான். ஷாமிலா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில், அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கம்மா என்றாள். நான் பிறக்கிறதுக்கு முந்தி எப்புடி இருந்தாங்க, எல்லாத்தையும் சொல்லுங்க.

ஜெனிதா சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று அவன் குடையை மறந்துவிட்டுப் போனதைச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போய், ஏரி ஓரமாகச் சோளம் தின்றதைச் சொன்னாள். ஷாமிலா பிறந்த அன்று அவன் ஆஸ்பத்திரி வாசலில் தூங்கிப்போனதையும், அவள் குப்புற விழுவதற்குள் மாலைத்தீவுக்குப் போய்விட்டதையும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவாக யோசித்துப் பார்த்தாள். ஒரு லீவில் கூரைத் தகரம் மாற்றினான். ஒரு லீவில் காய்ச்சலில் கிடந்தான். ஒரு லீவில் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள், எதற்கென்று ஞாபகமில்லை. அவள் தேடித் தேடிச் சொன்னாள். லயம் இன்னும் தூரத்தில் இருந்தது. சொல்வதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று.

ஷாமிலா காத்துக்கொண்டு நடந்தாள். மழை திரும்பவும் தூறத் தொடங்கியது.

"அவ்வளவுதாம்மா," என்றாள் ஜெனிதா.